எந்தக் குழி என்று தெரியாமல்

மேலூருக்கு வடக்கே நான் கிராம நர்ஸாக இருந்த ஊரில், பச்சைக் குழந்தை செத்தால் எரிக்க மாட்டார்கள். தகப்பன் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்ச் சொந்தப் புஞ்சைக் காட்டில் எங்காவது புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். அடையாளத்துக்குக் கல் நடுவதில்லை. தாயிடம் இடத்தைச் சொல்வதும் இல்லை. சொன்னால் அவள் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். அந்த வழக்கத்தை நான் குறை சொன்னதில்லை. பெற்ற உடம்பு தேற அது உதவுகிறது என்றே நினைத்தேன்.

ஆண்டிச்சிக்கு உதவவில்லை. அவளுக்கு மாதம் முந்திப் பிறந்த ஆண் பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புருஷன் அழகுமலை விடியலில் தூக்கிக்கொண்டு போனான், வெறுங்கையோடு வந்தான். அடுத்த பிள்ளை உண்டாகும் முன்பே கல்குவாரியில் பாறை சரிந்து அவனும் போய்விட்டான். பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

மிச்சம் இருந்தது அவர்களுடைய மானாவாரிக் காடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்து, கண்மாய் வெடித்து, காட்டின் மேல்மண் சுட்ட ஓடு மாதிரி இறுகிப்போனது. எப்போதாவது பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. காட்டில் பங்குள்ள கொழுந்தன் முத்திருளன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான்.

"இந்த வருசமும் வெள்ளாமை எடுக்கலைன்னா காட்டைக் குவாரிக்கு விட்டுருவோம் மதினி. சும்மா போட்டு என்ன செய்யப் போற?"

"எடுக்கேன்" என்றாள் ஆண்டிச்சி. எப்படி என்று அவளுக்கே தெரியாது. குவாரிக்குப் போனால் மெஷின் வந்து மொத்த மண்ணையும் வழித்துக் கொட்டிவிடும். பிள்ளை கிடக்கும் மண்ணும் அதோடு போகும்.

அப்போது நான் ரிட்டயராகி, விளாங்குடியில் ஹரிராம் என்பவருடைய தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சௌராஷ்டிரக் குடும்பம். ஹரிராம் நைஜீரியாவின் வட கோடியில் பல வருடம் விஞ்ஞான வாத்தியாராக இருந்து திரும்பியவர். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே நான் ஆண்டிச்சி கதையைச் சொன்னபோது, அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் நைஜர்னு இன்னொரு நாடு, அங்கே இதே மாதிரி செத்த மண்ணைப் பார்த்திருக்கேன். அந்த ஊர் ஜனங்க கோடையிலேயே வரிசை வரிசையாக் குழி வெட்டிடுவா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கை எரு. மழை வந்தா தண்ணி குழியில நிக்கும், விதை பிடிச்சுக்கும். பஞ்ச வருஷத்துலயும் அறுவடை பண்ணினா."

அடுத்த ஞாயிறு அவரைப் பஸ்ஸில் ஆண்டிச்சி காட்டுக்குக் கூட்டிப் போனேன். முத்திருளனும் வந்து நின்றான்.

"வெள்ளைக்காரன் சொன்னாக்கூடக் கேக்கலாம், ஆப்பிரிக்காக்காரன் சொன்னானாக்கும்! அங்க சோத்துக்கே வழியில்லைன்னு டிவியில காட்டுறான்."

"டிவியில காட்டாத ஊர்லதான்யா நான் சாப்பிட்டேன்" என்றார் ஹரிராம். உட்கார்ந்து ஒரு குழியை அவரே வெட்டிக் காட்டினார். முழங்கை ஆழம், ஒரு சட்டி அகலம். "எருவைத் தேடிக் கரையான் வரும். வரட்டும். அது துளைக்கிற வழியாத்தான் தண்ணி அடியில இறங்கும். அங்கே கரையானை வேலைக்காரன்னு நினைக்கிறா."

ஆண்டிச்சி அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "கரையான் எலும்பைத் திங்குமா சார்?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன்: "ஏத்தா, பிஞ்சு எலும்பு. அது இந்நேரம் மண்ணாகியிருக்கும்."

"மண்ணாகியிருந்தாலும் கடப்பாரை படும்ல?"

வைகாசி முழுக்க அவள் குழி வெட்டினாள். மேல் ஓட்டைக் கடப்பாரையால் உடைப்பாள். பிறகு கடப்பாரையைத் தூர வைத்துவிட்டு விரலால் பிறாண்டுவாள். மண்ணை முகர்ந்து பார்ப்பாள், பிள்ளையைச் சுற்றிய துண்டின் நூல் ஏதும் தெரிகிறதா என்று ஒவ்வொரு கட்டியையும் உடைப்பாள். நகமெல்லாம் பிய்ந்து சீழ் பிடித்தது. போகும்போதெல்லாம் மருந்து வைத்துக் கட்டினேன், கட்டை அவிழ்த்துவிட்டு வெட்டினாள். பொழுது சாயும்போது காற்று அந்தக் குழிகளின் மேல் போனால் பானை வாயில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது காற்றுதான். ஆனாலும் நான் அந்த நேரத்தில் அங்கே நிற்க விரும்பியதில்லை.

"என்னா ஆண்டிச்சி, காட்டுக்கு அம்மை போட்டுருக்கா?" என்று ஆடு ஓட்டிப் போன மலையாண்டி கேட்டான்.

"போட்டுருக்கு அண்ணே. ஆட்டை ஒதுக்கி ஓட்டு."

எரு போட்டாள். கரையான் வந்தது. ஆடியில் ஒரு தூறல் விழுந்தபின், கிழக்கு வரிசையில் ஒரு குழியில் மட்டும் ஒரு முழ உயரத்துக்குப் புற்று எழும்பி நின்றது. ஹரிராம் சொன்ன நாட்டில் அது வேலைக்காரனின் வீடு. இங்கே அது சாமி. மறுநாளே பெண்கள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பால் ஊற்றிவிட்டார்கள். புற்று வந்த காட்டில் ஏர் படக்கூடாது, விதை விழக்கூடாது என்றான் முத்திருளன். இதுவரை கோயில் பக்கமே போகாதவன்.

ஆண்டிச்சி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். சோறு தண்ணி இல்லை என்று ஆள் அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது, அவள் ஒரு கையைப் புற்றின் மேல் வைத்திருந்தாள், தூங்குகிற பிள்ளையின் முதுகில் வைப்பதுபோல.

"இங்கதான் இருக்கான் நர்சம்மா. கூப்பிட்டுட்டான்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ விதைக்கப் போறியா இல்லையா?"

"புத்துல கை வைக்கப்படாதும்பாக."

"நீ வைக்கலைன்னா மெஷின் வைக்கும். அது சாமி பார்க்காது, பிள்ளையும் பார்க்காது."

அவள் என்னை முறைத்தாள். திட்டுவாள் என்றே நினைத்தேன். எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். பால் ஊற்ற வந்திருந்த பெண்கள் அலறினார்கள். ஒரே குத்தில் புற்று சரிந்தது. மண்டியிட்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். வெகுநேரம் துழாவினாள்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சில்லுனு இருக்கு. அம்புட்டுத்தான்."

வெளியே வந்த கையில் ஈர மண்ணும் நாலைந்து வெள்ளைக் கரையானும் இருந்தன. குழியைச் சரிசெய்து, மற்ற குழிகளைப் போலவே இருக்க அதிலும் மறுபடி எரு போட்டாள்.

புரட்டாசியில் மழை பெய்தது. அதிகம் இல்லை, ஆனால் பெய்தது குழிகளில் நின்றது. சோளம் போட்டாள், முளைத்தது. அக்கம்பக்கத்துக் காடு வெளுத்துக் கிடக்க, இவள் காடு மட்டும் பச்சையாக நின்றது. அவள் தினமும் வரிசை வரிசையாக நடந்தாள். களை பார்க்கிறாள் என்று ஊர் நினைத்தது. அவளோ எந்தச் சோளத் தட்டையாவது மற்றதைவிட உயரமாக, கறுப்பாக, ஏதாவது ஒரு விதத்தில் வேறாக நிற்கிறதா என்று தேடினாள். புற்று உடைத்த குழியிலும் நின்று பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

கதிர் அறுத்தாள். முத்திருளன் அதற்குமேல் குவாரிப் பேச்சை எடுக்கவில்லை. புதுச் சோளத்தில் சோறாக்கி என்னையும் ஹரிராமையும் வரச் சொன்னாள். எங்களுக்குப் போட்டுவிட்டுத் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கிடந்தது எந்தக் குழி, இது எந்தக் குழிச் சோளம்னு தெரியலையே நர்சம்மா."

நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது. "சாப்பிடு" என்றேன். அவளும் ஒரு கவளம் எடுத்தாள். விழுங்க நேரம் பிடித்தது.

ஹரிராம் இது எதையும் கவனிக்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "வர்ற கோடையில பழைய குழியைத் தொடாதே அம்மா. ரெண்டு குழிக்கு நடுவுல புதுசா வெட்டணும். அப்படியே நாலஞ்சு வருஷத்துல மொத்தக் காடும் உயிர் பிடிச்சிடும்."

ஆண்டிச்சியின் கை தட்டில் நின்றது.

"நடுவுல இருக்குற மண்ணை இன்னும் யாரும் தொடலையா சார்?"

"தொடலையே."

அவள் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.