தாம்போதியின் ஆங்கிலப் பெயர்

கடலை ஊடறுத்துத் தீவுக்குப் போகும் புங்குடுதீவுத் தாம்போதியைத் திருத்தும் வேலையில் சறோஜினிதேவி நாலு வருசமாய்க் கல் சுமந்தாள். அதே தீவின் மடத்துவெளி ஊர்க்காரி. ஐம்பத்தொரு வயதில், வாசிகசாலையில் பின்னேரம் நடந்த ஆங்கில வகுப்பிலும் போய்ச் சேர்ந்தாள்.

வேலை நடந்த இடத்துப் பலகையில் தமிழில் 'தாம்போதி', ஆங்கிலத்தில் 'கோஸ்வே'. ஒருநாள் வகுப்பில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள்.

“கோஸ் எண்டால் காரணம், வே எண்டால் வழி. ரெண்டும் சேர்ந்த சொல் அக்கா” என்றார் ஆசிரியர் வாகீசன்.

“கடலுக்கு நடுவிலை போற றோட்டுக்கும் காரணத்துக்கும் என்ன தொடர்பு சேர்?”

வகுப்பே சிரித்தது. வாகீசனும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அவளுக்கோ அதை விட மனமில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணத்து நூலகத்துக்குப் போனாள். தலையணை மொத்தத்தில் ஓர் அகராதி, பொடிப்பொடி எழுத்து. விளங்காத ஒவ்வொரு சொல்லையும் தமிழ் அகராதியில் பார்த்துக் கொப்பியில் எழுத மூன்று சனிக்கிழமை பிடித்தது. மூன்றாவதில் பிடிபட்டது. முன்னொரு காலம் ஆங்கிலத்தில் 'கோஸி' என்றொரு சொல் இருந்திருக்கிறது. மேடாக்கிய பாதை என்று பொருள். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாய் வந்தது. பிறகு சனங்கள் அதன் வாலில் 'வே'யை ஒட்டிவிட்டார்கள். 'காரணம்' அதற்குள் இல்லவே இல்லை.

வாகீசன் கொப்பியை இரண்டு தரம் வாசித்தார். “நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் அக்கா. வாற மாதம் யாழ்ப்பாணத்திலை ஆங்கிலப் பேச்சுப் போட்டி. இதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

“என்னாலை ஏலாது சேர்.”

“ஏலும். நாளைக்கே உங்கடை பெயரைக் குடுக்கிறன்.”

போட்டி மண்டபம் நிறையப் பட்டதாரிகள், வங்கிக்காரர். ஐந்து நிமிடம் பேசி முடித்தாள். ஒரு நடுவர் விடவில்லை. “அந்த லத்தீன் சொல்லின் வேர் சுண்ணாம்புக்கல்லா, குதிக்காலா? கல் பரவிய பாதையா, மிதித்து இறுக்கிய பாதையா?”

“ரெண்டையும் சொல்லுகினம், முடிவில்லை” என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். “ஆனால் நான் றோட்டுப் போடுறவள். பரவின கல்லை மிதிச்சு இறுக்காட்டில் அது றோட்டாகாது.”

நடுவர் பேனையை வைத்துவிட்டுக் கைதட்டினார். மண்டபமே எழும்பி நின்றது. முதற் பரிசுக் கிண்ணம் அவளுக்கு.

திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் டெனிஸ்ரன் அவள் கையைப் பார்த்து, “என்னத்துக்கு அக்கா இந்தக் கிண்ணம்?” என்றான்.

“இங்கிலீசுக்கு.”

அவன் நம்பவில்லை. அவள் எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுப் பேச்சையும் ஆங்கிலத்திலேயே சொல்லத் தொடங்கினாள். இறங்கவேண்டிய இரண்டு மூன்று பேர் தங்கள் தரிப்பிடத்தைத் தாண்டியும் இருந்து கேட்டார்கள்.