பச்சை மையில் ஒரு விண்ணப்பம்

கடல் கடந்து வந்து வாழும் எங்கள் குவேக்கர்ஸ் ஹில் தமிழ் மூத்தோர் மன்றத்தின் ஒன்பதாம் விதி இது: கூட்டத்தில் பேச விரும்பும் உறுப்பினர் எழுத்தில் விண்ணப்பித்தால், செயலாளர் பதினான்கு நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

நான் பேச விரும்பியது பிரிட்டிஷ் உளவுத்துறையின் முதல் தலைவரைப் பற்றி. கடற்படை அதிகாரி; கப்பலேறினால் வாந்தி. கார் விபத்தில் ஒரு காலை இழந்து மரக்கால் பொருத்திக்கொண்டவர். வேலை கேட்டு வருபவர் எதிரில் கத்தியை எடுத்து அந்தக் காலில் சதக்கென்று குத்துவாராம். முகம் சுளித்தவனுக்கு வேலை கிடையாது. அலுவலக நடைகூடத்தில் பிள்ளைகளின் ஸ்கூட்டரில் பறப்பாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எழுதியது பச்சை மையில். அதைப் படித்ததும், தமிழ்நாட்டில் கெசட்டட் அதிகாரியாக ஓய்வு பெற்ற நான் துள்ளி எழுந்துவிட்டேன். நம்ம ஆள்!

அந்தக் குஷியிலேயே என் பழைய பச்சைப் பேனாவைத் தேடியெடுத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பொங்கல் கூட்டத்தில் ஒரே ஒரு பேச்சுக்குத்தான் இடம். எனக்கு இல்லையென்றால் சர்க்கரை நோய் பற்றிய பேச்சு, மூன்றாவது தடவையாக.

பதினான்கு நாள் போனது. பதில் இல்லை. நான் ஒத்திகையை நிறுத்தவில்லை. பேன்ட்டுக்குள் கட்டையைக் கட்டிக்கொண்டு வெண்ணெய்க் கத்தியால் குத்திப் பார்த்தேன். மனைவி முகம் சுளிக்கவில்லை.

"குத்தி முடிச்சாச்சுன்னா சப்பாத்திக் கட்டையக் குடுங்க. மாவு காயுது."

இருபத்தைந்தாம் நாள் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர்.

"விண்ணப்பமா? உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலியே, சார்."

"உங்க கையிலதானேய்யா குடுத்தேன்!"

"அதுவா? பச்சை மையில இருந்துது. மேலிடத்து உத்தரவுன்னு நெனச்சு, 'பார்வையிடப்பட்டது'ன்னு குறிச்சு ஃபைல்ல வச்சுட்டேன். உத்தரவுக்குப் பதில் போடுற பழக்கம் இல்லீங்களே."

"அப்ப என் பேச்சு?"

"விண்ணப்பமே வராததால சர்க்கரைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். நாளைக்குள்ள நீல மையில எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறேன்."

'பணிந்து வேண்டுகிறேன்' என்று நீலத்தில் எழுதினேன். ஒரு கிளார்க்குக்கு நான் அப்படி எழுதியது அதுவே முதல் முறை. எழுதும்போது சிரிப்பு தாங்காமல் இரண்டு தாள் வீணானது.

இருபது நிமிடம் கேட்டதற்குப் பன்னிரண்டை அனுமதித்துப் பதில் வந்தது, கூட்டத்துக்கு முந்தின நாள்: போகி, வெள்ளிக்கிழமை.