பேய்ப் படம்

பசறையில் போன் திருத்தும் அந்த அண்ணன், பேசும்போது ஸ்க்ரூ டிரைவரால் காதைக் குடைவார்.

விசித்திர மிருகங்களைப் பிடிக்கும் கேம் ஒன்றை நானும் தங்கச்சியும் போனில் படமாக எடுத்திருந்தோம். மஞ்சள் பெயின்ட் அடித்த தேயிலைக் கொழுந்துச் சாக்குக்குள் புகுந்து அவள்தான் மிருகமாக நடித்தாள். அவள் காய்ச்சலில் செத்த பிறகு, உடைந்துபோன அந்தப் போனில் இருந்ததை மீட்டுத் தரச் சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

"எல்லாம் இருக்கு தம்பி. தேயிலைக்குள்ள ஒரு பேய் ஓடுச்சு, அத மட்டும் அழிச்சிட்டேன். சாவு வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

"யாரக் கேட்டு அழிச்சீங்க? அது பேயில்லய்யா, என் தங்கச்சி!"

அவர் முகம் வெளுத்தது. "சாக்குக்குள்ள இருந்து சிரிச்சிச்சு தம்பி. பயந்துட்டேன்."

அவள் சிரிப்பைக் கடைசியாகக் கேட்ட ஆள் அவர். எப்படிச் சிரித்தாள் என்று கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் அவரிடம் போகிறேன். கடைவாசலுக்கு வந்ததும் அவரை அடிக்கத்தான் கை வருகிறது.