சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவன்

மரக்காணத்து உப்புக் காற்றுக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் கொள்ளைப் பிரியம். வருடம் ஒருமுறையாவது அது துருவேறி, பாண்டிச்சேரிக்கு ரிப்பேருக்குப் போகும்.

சென்ற ஆண்டும் மக்கர் செய்தது. மாதா கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களைக் கடையில் யாராவது பார்ப்பார்களே என்று, டி டிரைவில் இருந்த எல்லாவற்றையும் ரகசியக் குறியாக்கம் செய்து பூட்டினேன். "இனி போலீஸே வந்தாலும் பாக்க முடியாது!" என்று மனைவி ஸ்டெல்லாவிடம் அளந்தேன்.

மெக்கானிக் சி டிரைவை அழித்து, எல்லாம் புதிதாகப் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன்.

"பூட்டோட சாவி ஃபைல் நான் அழிச்ச சி டிரைவ்லதான் சார் இருந்துச்சு. தனியா எடுத்து வைக்கலியா? அப்ப அவ்ளோதான்."

போலீஸ் என்ன, பெற்ற அப்பனாலேயே பார்க்க முடியவில்லை. மகள் வெள்ளை உடுப்பில் நின்ற அந்த நாள் மறுபடி வருமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அழாதீங்க. துபாய்ல இருக்கிற எங்க அண்ணனுக்கு அப்பவே சிடி போட்டு அனுப்சிட்டேன். நீங்க கை வெச்ச எது உருப்பட்டுது?"

அவள் அண்ணன் புண்ணியத்தில் படங்கள் திரும்பி வந்தன. பூட்டுவதை நான் விடவில்லை. ரிப்பேருக்குப் போகும் கம்ப்யூட்டரில் குடும்பப் படங்களைத் திறந்து கிடக்க விடவே மாட்டேன். ஆனால் முதலில் படங்களுக்கு ஒரு சிடி, சாவிக்கு ஒரு சிடி எடுத்து, இரண்டையும் ஸ்டெல்லாவின் பீரோவில் வைத்த பிறகே பூட்டுகிறேன். பீரோவை மட்டும் அவள் என்னைப் பூட்ட விடுவதில்லை.