தேயாத வாசற்படி

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிய காலம். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் அவர்கள் கட்டிய பழைய வேதக்கோயில் எங்கள் சபையின் கைக்கு வந்தது. தேயிலைத் தோட்டப் பள்ளி வாத்தியாரான என்னிடம் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

கோயிலுக்கு இரண்டு வாசல். துரைமார் வந்துபோன முன்வாசலின் மர நிலைப்படி பூட்ஸ் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளருக்கென்று வைத்த பின்வாசலின் படியோ நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. இரண்டும் ஒரே மரம், ஒரே வயது. பிறகு ஏன் இப்படி? எனக்குள் ஒரே குடைச்சல்.

"அந்தக் காலத்துல இந்தப் பக்கம் யாரும் வந்திருக்கவே மாட்டாங்க ஐயா. குளிர்காத்துதான் வருது, அடைச்சிரலாம்" என்று போதகரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அடைக்கக் கல்லும் வந்து இறங்கியது.

அடுத்த ஞாயிறு, முன்வாசலைப் பழுதுவேலைக்காக அடைத்திருந்ததால், ஆராதனை முடிந்து எல்லோரும் பின்வாசலால் வெளியேறினார்கள். எனக்கு முன்னால் கொழுந்தெடுக்கும் எஸ்தர், இடுப்பில் பிள்ளையோடு, சேலையைச் சற்றே தூக்கிப் படியைத் தாண்டினாள். அவளுக்கு முன்னால் போனவர்களும் தாண்டித்தான் போனார்கள். ஒரு கால்கூட மரத்தில் படவில்லை.

"ஏம்மா, படியில கால் வைக்காமப் போறீங்க?"

எஸ்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வாசப்படிய யாராச்சும் மிதிப்பாங்களா மாஸ்டர்? நீங்க மிதிக்கிறீங்களா?"

குனிந்து பார்த்தேன். என் ஒரு கால் உள்ளே, மறுகால் வெளியே. நடுவில் படி, நான் தொடாமலே கிடந்தது.

கல்லைச் சுற்றுமதிலுக்குக் கொடுத்துவிட்டோம். முன்வாசல் படியை மட்டும் மாற்றினோம்.

ஓர் இடம் தேயாமல் இருந்தால் அங்கே யாரும் வரவில்லை என்று இப்போதெல்லாம் நான் சட்டென்று சொல்வதில்லை. பயபக்தியோடு வந்தவர்கள் தடம் விடாமலே போயிருக்கலாம்.