ஏலத்துக்கு வந்த சிறுதேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எங்கள் சித்தியின் மூத்திரத்தைச் சபை நடுவே ஏலத்துக்கு அனுப்பிய மடையன் நான்தான். அப்போது எட்டு வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் புத்தி கூடியதாக வீட்டில் இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை.

சித்திக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவலே உடம்பைப் போட்டு அடிக்கிற நோய். கன்னம் சிவந்ததையும் மூட்டு வலித்ததையும் அவள் சட்டை செய்யவில்லை. பிறகு கால் வீங்கியது, மூத்திரம் நுரைத்தது. நோய் சிறுநீரகத்துக்கும் போய்விட்டதா என்று பார்க்க, ஒரு நாள் முழுக்கப் போகிறதை ஒரே கேனில் சேர்த்துத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார் திருவனந்தபுரத்து டாக்டர். கொஞ்சம் சிந்தினாலும் சோதனை வீண்.

அந்த ஞாயிறு பாறசாலைப் பக்கத்து எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. சித்தி பாடகர் குழுவில் இருந்தாள். போதாததற்கு, அவளைப் பெண் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு குடும்பம் ஆராதனைக்கே வருவதாக ஏற்பாடு. நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சித்தி வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். கேனையும் விட மாட்டேன் என்றாள். துணிப்பையில் போட்டு என்னிடம் தந்தாள்.

“மக்கா, கையில வச்சுக்கோ. கீழ வைக்கப்பிடாது, கேட்டியா?”

பிரசங்கம் நீண்டது, கை கடுத்தது. சபையிலேயே பத்திரமான இடம் எது என்று யோசித்தேன். காணிக்கை மேசை. கள்ளன்கூட அங்கே கை வைக்க மாட்டான். சனங்கள் காணிக்கையாகப் படைத்திருந்த மரச்சீனிக் கிழங்குக்கும் ஏத்தன் வாழைக்குலைக்கும் நடுவே கேனை வைத்துவிட்டு, பையை மடித்து நிக்கரில் சொருகிக்கொண்டேன். அத்தனை சாமர்த்தியம்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. ஏலம் விட்ட கமிட்டிக்காரர் ஒரு சேவலைத் தள்ளிவிட்ட கையோடு கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நல்ல சிறுதேனாக்கும். மணம் பாக்க ஆரு வாறது?”

மூடியில் கை வைத்தார். பாட்டு வரிசையிலிருந்து சித்தி எழுந்தாள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

“அண்ணே, தொறக்காண்டாம். அது எனக்க மூத்திரமாக்கும்.”

யாரோ இருமினார்கள். சேவல் கூவியது.

“எனக்கு லூப்பஸ் உண்டு. கிட்னியப் பிடிச்சிருக்கான்னு நாளைக்குப் பாக்கணும். ஒரு துள்ளி போனா மொதல்ல இருந்து துடங்கணும்.”

வீங்கிய காலோடு நடந்து வந்து கேனை வாங்கினாள். பெண் பார்க்க வந்தவர்கள் சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் பிடித்தார்கள். அம்மா அழுதாள். நான் அடிக்குத் தயாராக முதுகைக் காட்டி நின்றேன். சித்தியோ கேனை மறுபடியும் என்னிடமே தந்துவிட்டு, ஏலம் முடிந்து பாடும் கடைசிப் பாட்டுக்குப் போனாள். இதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீரகத்தை நோய் தொட்டிருந்தது. நேரத்தோடு தெரிந்ததால் மருந்துக்குக் கட்டுப்பட்டது. இன்றும் சோதனைக்குப் போகிறாள், இன்றும் பாடுகிறாள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவி நான் என்று பல வருஷம் மருகினேன். அதை அவள் கெட்டதாகவே நினைக்கவில்லை என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

போன மாதம் கேட்டேன்: “தேன்னே சொல்லி நீயே ஏலத்துல எடுத்திருந்தா, ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே சித்தி?”

“எனக்க மூத்திரத்த நான் எதுக்குலே வெல குடுத்து வாங்கணும்?”