சத்தமில்லாத வாய்ப்பாடு

காது கேளாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டிருந்த இன்ஸ்பெக்டர், இன்று வில்வண்டியில் நேரிலேயே வந்திறங்கினார்.

அப்போது என் வகுப்பு வாய்திறக்காமல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தது. பெஞ்சை நான் மூன்று மூன்றாகத் தட்ட, பிள்ளைகள் அதிர்வை உள்ளங்கையில் வாங்கி, சிலேட்டில் விடை எழுதினார்கள். காது கேளாத திரேசாவுக்காகச் செய்த ஏற்பாடு; இப்போது எல்லாருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல காது கேக்காத பிள்ளை எது?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க சார்."

பெஞ்சு நுனியில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்திருந்த சூசையைக் காட்டினார். "இவன்தானே? நான் வந்ததே இவனுக்குத் தெரியல்லியே!"

சூசை துள்ளி எழுந்தான். "லே மக்கா, எங்க அப்பனுக்க வள்ளம் வந்தாச்சு!"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். திரேசா தொடர்ந்து படிக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

நன்றாகக் காது கேட்கும் சூசைக்கு நான் எதைத் தட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.